ஜீப்புக்கு ஒரு பப்பாசிக் குழல்

எயார் கிளீனருக்குள் விரலை விட்டு எடுத்து, அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார் கராஜ் அண்ணை. விரல் ஈரம்.

"இருமின உடன நிப்பாட்டினபடியால் தப்பினீர் தம்பி. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் கொனெக்டிங் ரொட் வளைஞ்சிருக்கும்."

2024 நவம்பர் கடைசி வாரம். ஃபெங்கல் என்று பிறகு பெயர் வைத்தார்களே, அந்தப் புயலுக்கு முந்தின தாழமுக்கம் யாழ் குடாநாட்டின் மேல் வந்து படுத்திருந்தது. கோப்பாயில் மழை இரண்டு விதமாக நிற்கும். மேற்கே செம்மண், அடியில் சுண்ணக்கல். எவ்வளவு பெய்தாலும் குடித்துவிடும். கிழக்கே கைதடிப் பக்கம் இறங்கினால் வயல், அதற்கங்கால் உப்பாற்றுக் கடனீரேரி. அங்கே தண்ணீருக்குப் போக இடமில்லை. வரம்பும் தெரியாது, வாய்க்காலும் தெரியாது. வயலடியில் கிடந்த தண்ணி இறைக்கிற மிசினை எடுத்துவரப் போனேன். ஜீப் பழைய மிற்சுபிசி ஃபோர்-டீஆர்-ஃபைவ். எதிலும் ஏறும் என்ற நம்பிக்கை எனக்கு. ஏறும்தான். முன்னால் அது தள்ளிக்கொண்டு போன தண்ணீர் அலையாக எழும்பிப் பொனற்றுக்குள் வரும் என்று நினைக்கவில்லை.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்ஜின் 2659 சிசி, நாலு சிலிண்டர். டீசல் என்ஜினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சுகிற இடம் இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவுதான். காற்றென்றால் நசுங்கிக்கொண்டு அதற்குள் போகும், தண்ணீர் நசுங்காது. ஒரு பிளேன்ரீக் கோப்பையில் பாதித் தண்ணீர் உள்ளே போனால் இரும்புதான் வளையவேண்டும்.

காற்று இழுக்கிற வாயை ஜீப்பின் கூரை மட்டத்துக்குத் தூக்கினால் தீர்ந்தது. வெளிநாட்டில் இதை அச்சில் வார்த்துப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். விலையைக் கேட்டபோது ஜீப்பையே விற்றுவிடலாம் போலிருந்தது.

சொன்னால் சிரிப்பீர்கள், இந்தச் சாமானை ஏழு வயதிலேயே நாங்கள் செய்திருக்கிறோம். பப்பாசி இலையின் தண்டு உள்ளே கோறை. இரண்டு பக்கமும் நறுக்கி வாயில் கவ்விக்கொண்டு கேணியில் தாழ்ந்து கிடப்போம். தண்டு கொஞ்சம் நீளமாக அமைந்தால் இன்னும் கீழே போகலாம் என்று ஆசை வரும். போனால் மூச்சு வராது. தண்ணீர் நெஞ்சை அமத்திக்கொண்டிருக்கும். என்ஜினுக்கு அந்தக் கரைச்சல் இல்லை, அதன் நெஞ்சு இரும்பு.

அண்ணை மூன்று அங்குல எஸ்லோன் குழாயைத் தெரிந்தார். (எந்தக் கம்பனி செய்தாலும் எங்களுக்கு அது எஸ்லோன்தான்.) கடையில் விற்கிற எல்போ வேண்டாமென்றார். என்ஜின் 2000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 2650 லீற்றர் அளவில் காற்று இழுக்கும், வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் இரண்டரைத் தாங்கி. அவ்வளவும் ஒடுங்கின முடக்கில் திரும்பவேண்டும் என்றால் என்ஜினுக்கு இளைப்பு வந்துவிடும். குழாய்க்குள் உலர்ந்த மணலை இறுக்கி, இரண்டு வாயையும் அடைத்து, ஊமல்கரித் தணலுக்கு மேலே சாண் உயரத்தில் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தார். குழாய் இளகித் தொங்கத் தொடங்கியது. கிணற்றடித் தென்னையில் சாய்த்து மெல்ல வளைத்து ஈரச் சாக்கைப் போட்டார். மணலைக் கொட்டிப் பார்த்தால் எங்கும் ஒரு நசுங்கல் இல்லை. பொனற்றுக்குள் அந்தச் சூட்டுக்கு எஸ்லோன் நிற்காது என்று, உள்பக்கத்துக்கு லொறி ரேடியேற்றர் ஹோஸை வெட்டி கிளிப் போட்டு இறுக்கினார். உச்சியில் மழை விழாமல் ஒரு தகரத் தொப்பி. பின்னேரம் நாலு மணிக்குள் எல்லாம் முடிந்தது.

முடிந்தது என்று நான்தான் நினைத்தேன்.

"ஸ்ரார்ட் பண்ணும்" என்றார். தொப்பியைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறிக் குழாய் வாயை உள்ளங்கையால் பொத்தினார். மூச்சை அடைத்தால் என்ஜின் நிற்கவேண்டும். நிற்கவில்லை. சத்தம் கொஞ்சம் மாறியது, அவ்வளவுதான்.

"உவர் வேற எங்கேயோ மூச்சு விடுறார்."

நீர்மூழ்கிக் கப்பலில் இதற்கு நேர்மாறு. டச்சுக்காரர் தொடக்கிய இந்தக் குழாயை 1940களில் ஜேர்மன்காரர் தங்கள் நீர்மூழ்கிகளுக்குப் போட்டார்கள். அலை மூடும்போது உச்சி வால்வும் மூடிக்கொள்ளும். டீசல் என்ஜினோ நிற்காமல் கப்பலுக்குள் இருக்கிற காற்றையே உறிஞ்ச, மாலுமிகளுக்குக் காது வலியால் உயிர் போகும். ஓட்டை இல்லாத வேலைக்கு அப்படி ஒரு தண்டனை. எங்களுடையதில் ஓட்டைக்குக் குறைவில்லை.

அதைத் தேட அண்ணை எடுத்தது ஊதுபத்தி. பான் பெல்ற்றைக் கழற்றி, காற்று அடங்கினபின் என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டாகப் பத்தியைக் கொண்டுபோனார். புகை நேரே மேலே போனால் நல்லது. எயார் கிளீனரின் அடியில் புகை சட்டென்று திரும்பி உள்ளே ஓடியது. தூசியும் ஈரமும் வடிகிறதற்கென்று கம்பனிக்காரனே விட்ட துளை. மூடியில் காய்ந்துபோன ரப்பர் இன்னொன்று. ஹோஸ் கிளிப் ஒன்று. எல்லாம் அடைத்து முடிய இருட்டிவிட்டது. மறுபடி பொத்தினார். என்ஜின் ஒரு தரம் விக்கி அடங்கியது. கையை எடுத்தபோது உள்ளங்கையில் சிவப்பாக ஒரு வட்டம்.

இந்தப் பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கண்ணில் காட்டாமல் போனபோது, குடாநாட்டின் ஏ-40 கார்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகளில் இவருடையதும் ஒன்று. பெற்றோலை உயிர்மருந்து மாதிரிச் சொட்டுச் சொட்டாகக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, என்ஜின் சூடேறினபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எங்கள் வீட்டு ஏ-40க்கு அவர் அதைச் செய்தது, ஆசுபத்திரியில் மிஞ்சின சேலைன் ரியூப்பால். அப்பா ஓட்ட, நான் முன் சீற்றில் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன். நெடியில் தலை சுற்றும்.

அடுத்த மாரியில் அதே வயலுக்குள் அதே தண்ணீருக்குள் இறங்கினேன். பொனற்றின் விளிம்பைத் தண்ணீர் தொட்டது. என்ஜின் ஒரு இருமலும் இருமவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் பெருமை பேசினேன். மூன்றாம் நாள் பின் அச்சிலிருந்து ஒரு முனகல்.

அண்ணை டிவரென்சலின் ஆணியைக் கழற்றினார். கறுப்பாக வரவேண்டிய எண்ணெய், பால்தேத்தண்ணி நிறத்தில் தட்டத்தில் விழுந்தது.

"உதுக்கும் ஒரு மூச்சு இருக்கெல்லே" என்று அச்சுக்கு மேலே மிளகளவில் இருந்த துளையைக் காட்டினார். ஓடிச் சூடேறின அச்சு குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால், உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கி அந்தத் துளையால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளுமாம். அதற்கும் உயரத்துக்கு ஒரு குழாய் இழுக்கவேண்டும்.

அலுமாரியின் மேல்தட்டில் கையை விட்டுத் துழாவினார். பழைய ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் சுருட்டி வைத்திருந்த ஒன்றை எடுத்து, ஊதித் தூசி போக்கி, நீளம் பார்த்தார். மஞ்சளடித்துப்போன சேலைன் ரியூப்.

"இதுக்குக் காசு வேண்டாம்" என்றார்.