புதுப்பேட்டையில் ஒரு 'தொம் தொம்' வைத்தியம்

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து பொடிநடையாகப் போனால் புதுப்பேட்டை. கூவத்தின் 'நறுமணம்' வழிகாட்டும். திரும்பிய பக்கமெல்லாம் கார்தான். ஆனால் முழுசாக இருக்காது! கதவு ஒரு கடையில், கியர்பாக்ஸ் அடுத்த கடையில்.

தாத்தாவின் அம்பாஸிடரை ஓட்டியே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்ட புண்ணியவான்கள் ஒருநாள் இங்கே வந்துதான் ஆகவேண்டும். அந்தக் காரின் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டதே!

"மேடு ஏறினா அடியில 'தொம் தொம்'னு இடிக்குதுங்க. இன்ஜின் சூடானா ஆயில் பிரஷர் இறங்கிடுது..."

"மெயின் பேரிங் போச்சு சார்!"

பழைய அம்பாஸிடரின் 1489 சி.சி. இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவது மூன்று மெயின் பேரிங். ஒவ்வொன்றும் இரண்டு அரைவட்டத் தகடு. முதுகு இரும்பு, உள்பக்கம் மெத்தென்ற உலோகம். வேண்டுமென்றேதான் அப்படி. ஆயிலில் வரும் தூசியைத் தனக்குள் புதைத்துக்கொண்டு, தான் தேய்ந்து ஷாஃப்டைக் காப்பாற்றும். மேனேஜருக்கும் ஸ்டாஃபுக்கும் நடுவே தேய்கிற நம்ம ஹெட் கிளார்க் மாதிரி!

"அப்போ புது செட் மாட்டிட்டாப் போச்சு" என்று கிளம்பாதீர்கள். ஷாஃப்டும் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தால் புது பேரிங்கும் சீக்கிரமே காலி. மைக்ரோமீட்டரை இரண்டு திசையில் வைத்து அளக்கணும். வித்தியாசம் இருந்தால் கிரைண்டிங். ஒரு இஞ்சில் ஆயிரத்தில் 10 பங்கு குறைத்து, அதற்கேற்ற '10 சைஸ்' பேரிங் போடுவார்கள். அடுத்து 20, 30, 40. அவ்வளவுதான், நாலே நாலு ஆயுசு! 10 போதுமென்றால் 20-க்குப் போக விடாதீர்கள்.

கடைந்த பிறகு ஆயில் துவாரங்களைக் கழுவணும். அங்கே தங்கும் பொடி ஒன்றே புது பேரிங்கைத் தின்றுவிடும். மூடிகளை இடம் மாற்றக்கூடாது. ஒவ்வொரு மூடியை முறுக்கியதும் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்க்கணும். இறுகினால் அங்கேயே நிறுத்தி, காரணம் தேடணும்.

புதுப்பேட்டைக்கு வரும்போது பழைய பேரிங்கைக் கையோடு கொண்டுவாருங்கள். முதுகில் சைஸ் பொறித்திருக்கும். 'எஸ்.டி.டி.' என்றிருந்தால் (ஃபோன் பூத் அல்ல, ஸ்டாண்டர்டு!) நாலு ஆயுசும் பாக்கி. '040' என்றிருந்தால் இன்னொரு ஷாஃப்டுக்குக் கடை கடையாக ஏறவேண்டியதுதான். கிடைத்தால் அதையும் அளந்துவிட்டுத்தான் பர்ஸைத் திறக்கணும்!