தேற்றத்தின் தோற்றம்

லேடெக்ஸ் அச்சுக்கோப்பு மென்பொருளில் தேற்றத்துக்கும் வரையறைக்கும் ஒரே தோற்றம் கொடுத்தால் திணறுவது வாசகர்தான். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தேற்றத் தொகுப்பில் மூன்று பாணிகள் தயாராக இருக்கின்றன. ‘பிளெய்ன்’ பாணியில் தலைப்பு தடித்த எழுத்து, கூற்று சாய்வெழுத்து. ‘டெஃபனிஷன்’ பாணியில் கூற்று நிமிர்ந்து நிற்கும். ‘ரிமார்க்’கில் தலைப்பு மட்டும் சாயும்.

இவை போதாதவர்களுக்கு ‘நியூதியரம்ஸ்டைல்’ கட்டளை உண்டு. அதில் ஒன்பது இடங்களை நிரப்ப வேண்டும். மேலேயும் கீழேயும் விடும் இடைவெளி, உள்தள்ளல், எழுத்துரு, தலைப்புக்குப் பின் வரும் புள்ளிகூட அவற்றுள் அடக்கம். பத்து வரி நீளும் தேற்றத்தைச் சாய்வெழுத்தில் படிப்பது கண்ணுக்குப் பாரம், அதை நிமிர்த்திவிடுவதே நல்லது.

நிரூபண முடிவில் வரும் சிறு சதுரத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். பத்திரிகைகளில் பார்த்து கணிதவியலாளர் பால் ஹால்மோஸ் கணிதத்துக்குக் கொண்டுவந்த குறி அது. நிரூபணம் சமன்பாட்டில் முடிந்தால் சதுரம் அடுத்த வரிக்குத் தள்ளப்படும். சமன்பாட்டுக்குள்ளேயே ‘கியூஇடிஹியர்’ கட்டளையைச் சேர்த்தால் அதே வரியின் வலது ஓரத்தில் வந்து அமரும்.