கண் போகும் பக்கம்

ஜப்பானில் ஃபுகுஷிமா மலைப்பகுதியில் இருக்கிறது எபிசு சர்க்யூட். காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு ஓட்டும் 'டிரிஃப்ட்' பழக 2018இல் அங்கே போனேன். கையில் கிடைத்தது நிஸான் சில்வியா ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜின் விசை பின்சக்கரங்களுக்குப் போகும் ரகம். (நம் அம்பாசிடரும் அதே ரகம்தான், சறுக்கவிட யாருக்கு மனசு வரும்?)

வளைவில் ஹேண்ட்பிரேக்கைச் சுண்டி இழுத்ததும் பின்பக்கம் வெளியே பாயும். கார் வலப்பக்கம் திரும்பும்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். பயத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கத் தோன்றும். அதுதான் ஆபத்து. பின் டயர்களுக்குத் திடீரெனப் பிடிமானம் கிடைத்து, கார் எதிர்ப்பக்கம் சாட்டையாக வீசும். எதிரே கான்கிரீட் சுவர்.

"சுவரைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்" என்றார் பயிற்சியாளர். ஐம்பது வயதில் கண்ணைப் பழக்குவதுதான் கஷ்டம், கை தானே பின்னால் வந்தது. சாயங்காலம் ஒரு வளைவு முழுசாகக் கைகூடியது. பின் டயர்கள் இரண்டும் கம்பி தெரியத் தேய்ந்திருந்தன. பில்லில் அதையும் சேர்த்திருந்தார்கள்.