கடற்காற்றும் பழைய காரும்

காரைக்கால் மக்களுக்குக் கடற்காற்று இன்பம் தருவது. பழைய மோட்டார் வண்டிக்கோ அதுவே பகை. எங்கள் வீட்டு அம்பாசடர், 2014இல் உற்பத்தி நின்றுபோன இனத்தைச் சேர்ந்தது. பிரசவமென்றாலும் நோயென்றாலும் எங்கள் தெருவார் நள்ளிரவில் கதவைத் தட்டுவது அதற்காகத்தான். அத்தகைய வண்டி ஒருநாள் 'டக்' என்ற ஒலியோடு அடங்கிவிட்டது. புதிய பாட்டரி வாங்க வேண்டுமென்றார் கடைக்காரர்.

முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். முகப்பு விளக்கைப் போடச் சொன்னார், நன்றாக எரிந்தது. சாவியைத் திருப்பியதும் மங்கியது. பாட்டரி முனையைத் தொட்டார், சுட்டது. "மின்சாரம் இருக்கிறது தம்பி, வழிதான் அடைபட்டிருக்கிறது" என்றார்.

விளக்குகளுக்குச் சில ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கோ நூற்றுக்கு மேல் வேண்டும். 100 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை இருந்தாலும், 12 வோல்ட்டில் 5 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். அமில ஆவியும் உப்பு ஈரமும் சேர்ந்து பூத்த களிம்பே அந்தத் தடை.

எர்த் கம்பியை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, முனைகளை இறுக்கி வாஸலின் தடவினார். வண்டி உறுமி எழுந்தது.

கடற்கரை ஊரார் மாதம் ஒருமுறை இதைச் செய்துவரின், வீண் செலவும் குறையும். நள்ளிரவில் நம்பி வருவோர் ஏமாறவும் மாட்டார்கள்.