திண்ணையுள்ள வீடு



நம் செங்கோட்டை வழிப்போக்கர்களின் ஊர். 1904-இல் மலைவழியாக இரயில் வருவதற்கு முன், கொல்லத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையே சென்றவர்கள் ஆரியங்காவுக் கணவாயைக் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் கடந்தார்கள். ஆனி, ஆடிச் சாரலில் நனைந்து வந்தவர்களுக்கு முதல் புகலிடம் வீட்டுத் திண்ணை.

பழைய வீட்டின் அமைப்பை நம் மூத்தவர்கள் அறிவார்கள். திண்ணையைக் கடந்தால் தார்சா, அடுத்து பட்டாசாலை, நெல்லும் பாத்திரமும் வைக்கும் இருண்ட அரங்கு, அடுக்களை, கடைசியில் கிணறும் தொழுவமும் உள்ள புறவாசல். மழைநீர் மண்சுவரை அரிக்காதபடி கூரை சரிந்து தாழ இறங்கியிருக்கும். உள்ளே செல்லச் செல்ல உறவும் நெருங்கியிருக்கவேண்டும். திண்ணைக்கு அந்த நியதி இல்லை. அதன் ஓரத்தில் தலைசாய்க்க உயர்த்திக் கட்டிய மேட்டில் பகலில் வீட்டுப் பெரியவர் சாய்வார். இரவில் பெயர் தெரியாத ஒருவர் துயில்வார்.

ஆனாலும் உண்மையை மறைக்கலாகாது. அத்திண்ணை எல்லாருக்கும் உரியதாயிருக்கவில்லை. அவ்வீட்டாரின் வயலில் பாடுபட்ட பலர், சாதியின் பெயரால், தெருவில் நின்றே கூலி பெற்றார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அவ்வீட்டாருடைய பேரப்பிள்ளைகளும் இன்று கர்த்தருடைய பந்தியில் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறார்கள். ஆலயத்தில் ஒன்றாய் அமருகிற நாம், ஒருவர் வீட்டில் ஒருவர் அமருகிறோமா?

சூனேம் ஊராளான ஸ்திரீயை நினைத்துப் பாருங்கள். அவ்வழியே அடிக்கடி கடந்துசென்ற எலிசாவுக்காக அவளும் அவள் கணவனும் மெத்தையில் ஒரு சிறு அறை கட்டி, கட்டிலும் மேசையும் நாற்காலியும் விளக்கும் வைத்தார்கள். பிறருக்கென்று ஓரிடம் ஒதுக்கியபோதே அந்த வீடு நிறைவுபெற்றது.

இன்று நம் வீடுகளில் திண்ணை இல்லை. இரும்புக் கிராதியும் பூட்டும் உண்டு. பாதுகாப்புக்கு அவை தேவையே. ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, அக்கிராதிக்குப் பின்னே நாள்முழுதும் பேச்சுத்துணையின்றி இருக்கும் தாய்மார் நம் சபையிலேயே இருக்கிறார்கள்.

இந்த வாரம் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். அப்படிப்பட்ட ஒருவரைச் சென்று பார்த்து, அவசரமின்றி ஒரு மணி நேரம் அமர்ந்திருங்கள். இதுவரை உங்கள் வீட்டுக்குள் வராத ஒரு குடும்பத்தை உணவுக்கு அழையுங்கள். உங்கள் பாத்திரத்திலேயே பரிமாறி, உடன் அமர்ந்து உண்ணுங்கள்.

கர்த்தர் உங்கள் வாசல்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.