மாடியில் கேட்ட கேள்வி

ரெட்டியார்சத்திரத்தில் மின்சாரம் தடைப்பட்ட ஓரிரவு. மொட்டைமாடியில் படுத்திருந்த பேத்தி, "அங்கேயும் உயிர் இருக்கிறதா தாத்தா?" என்று வினவினாள். "கண்டுபிடித்தாயிற்றே!" என்றோம். செய்தித்தாளில் தலைப்பை மட்டும் படித்ததன் விளைவு அது!

முழுவதும் படித்தபின் நாணினோம். 2021 கிறிஸ்து பிறப்பு விழாவன்று விண்ணேறிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, சுமார் 124 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள கே2-18பி என்னும் கோளை நோக்கியது. தன் விண்மீனின் குறுக்கே அக்கோள் கடக்கையில், அதன் காற்றுமண்டலத்தினூடே வரும் ஒளியில் எப்பகுதி மங்குகிறதோ அதைக்கொண்டு வாயுக்களை அறிவர். இந்தியாவில் பிறந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கு மதுசூதன் குழுவினர், 2023இல் மீத்தேனும் கரியமில வாயுவும் உண்டென்றனர். 2025இல், நம் கடல்நுண்ணுயிர்கள் வெளியிடும் ஒரு சேர்மத்தின் சாயல் தெரிவதாகக் கூறினர். உறுதியென அவர்களே கூறவில்லை. பிறர் ஐயுற்றனர்.

மறுநாள், "தாத்தா தவறாகச் சொல்லிவிட்டேன்" என்றோம்.

"அப்படியானால் இல்லையா?"

"இன்னும் தெரியாதம்மா."

முகம் வாடினாள். ஆயினும், அன்றிரவும் பாயைச் சுருட்டிக்கொண்டு எமக்கு முன்பே மாடியேறிவிட்டாள்.