தாமே வெளியிட்ட இசை

நான் தோட்டத்துக் கிராணி. பகலெல்லாம் செக்ரோலில் பிறர் பெயரையும் பிறர் கணக்கையும் எழுதுபவன். இரவில் ஆங்கிலச் சங்கீதம் கேட்பது என் வழக்கம். அவ்வாறு கேட்டவற்றுள் லண்டன் மாநகரத்து ‘டிவியன்ட்ஸ்’ குழுவினரின் இசைத்தட்டொன்று என்னைப் பெரிதும் சிந்திக்கச் செய்தது.

1967ஆம் ஆண்டில் மிக் ஃபாரன் என்னும் வாலிபரின் தலைமையில் இவர்கள் அத்தட்டை வெளியிட்டனர். பெரிய கம்பெனி எதனையும் அண்டினாரில்லை. செல்வந்தரின் மகனொருவர் உதவிய 700 பவுனைக் கொண்டு தாமே பதிப்பித்து, அதிகாரத்தை எதிர்த்த சிறு பத்திரிகைகளின் வாயிலாகத் தபாலில் விற்றனர். அந்நாளைய மனமயக்க இசை மலரையும் கனவையும் பாடிற்று. இவர்களோ தெருவின் கோபத்தைப் பாடினர். ஃபாரனின் குரலில் இனிமை இல்லை. ஆயினும், தேர்ந்த வித்துவானே மேடை ஏறலாம் என்னும் விதியை அவர் மதித்தாரில்லை. பத்தாண்டு சென்றபின் பங்க் இசையினர் நடந்ததும் இவ்வழியே. 1977இல் மான்செஸ்டர் ‘பஸ்காக்ஸ்’ குழுவினர் கடன் வாங்கிய 500 பவுனில் தம் தட்டைத் தாமே வெளியிட்டனர்.

ஃபாரன் 2013இல் லண்டன் மேடையொன்றில் பாடுகையிலேயே சாய்ந்து உயிர் நீத்தார்.

நண்பர்களே! சொல்லவேண்டியதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, எவரேனும் அழைப்பார் என்று நம்மில் எத்தனை பேர் காத்திருக்கிறோம்! குரல் இனிமையன்று என்பது வாய்மூடியிருக்கக் காரணமாகுமோ?